விலையுயர்ந்த மணிக்கூட்டுக்குத் துணி வார்: எதைத் தெரிவு செய்வது?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் இருக்கும் பெரியப்பா தந்த ஒமேகா அக்வா டெரா மணிக்கூடு ஒன்றை அவர் நாள்தோறும் கட்டுகிறார். அவருடைய வேலை பெரும்பாலும் வயல்வெளியிலும் மோட்டார் சைக்கிளிலும். மணிக்கூட்டோடு வந்த தோல் வார் ஒரு கோடையும் ஒரு மாரியும் கழிவதற்குள் வியர்வையில் ஊறி நாற்றமெடுத்து, தையலும் விட்டுப்போயிற்று. துணி வார் மாற்றலாம் என்று போனபோது, இவ்வளவு விலையான சாமானுக்குத் துணியா என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். துணி வார் மணிக்கூட்டைக் கீறிவிடும் என்று நண்பர் ஒருவரும் சொல்லியிருக்கிறார். எந்தத் துணி வாரை வாங்கலாம் என்பதுதான் அவர் எழுதிய கேள்வி. ஆனால் உண்மையில் அவர் அறிய விரும்புவது, துணி வார் கட்டுவதால் பெரியப்பா தந்த பொருளுக்குக் கேடு வருமா, வராமல் இருக்க எங்கே கவனம் வைக்க வேண்டும் என்பதே என்று நினைக்கிறேன். நிறத்தையும் நாகரிகத்தையும் விட்டுவிட்டு அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் வவுனியாவில் மணிக்கூடு திருத்துகிறவன். மாமாவின் மேசையருகே இருந்து தொழில் பழகி, இன்றுவரை அதே தொழிலில்தான் இருக்கிறேன். விற்பனைக்காரன் பார்ப்பது புதிய வாரை. நான் பார்ப்பது பல மாதம் கையில் கிடந்த வாரையும் அதன் அடியில் இருந்த உருக்கையும். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்வதானால், நமது காலநிலைக்குத் துணி வார் தோலைவிட நல்லது. அதனால் மணிக்கூடு கெடுவதில்லை. கெடுகிற இடங்கள் வேறு. வாரை மணிக்கூட்டுடன் பிடித்திருக்கும் சிறிய ஸ்பிரிங் பின், அந்தப் பின் உட்காரும் காதுகள் (வாரைப் பூட்ட உடலிலிருந்து நீண்டிருக்கும் முனைகள்), வாரும் பின்மூடியும் உரசும் பரப்பு என்ற மூன்றையும் பார்த்துக்கொண்டால் மணிக்கூட்டுக்கு ஆபத்து மிகக் குறைவு. துணி என்பது தேயத் தேய மாற்றுகிற பொருள். ஆகையால் பணத்தைத் துணியின் பெயருக்குக் கொடுப்பதைவிட நல்ல பின்னுக்கும் சரியான அளவுக்கும் கொடுப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

தோல் ஏன் தோற்கிறது என்பது தெரிந்தால் துணியைத் தெரிவது எளிது. பதனிட்ட தோல் வியர்வையை உறிஞ்சும், மெதுவாகத்தான் காயும். காயும்போது வியர்வையிலுள்ள உப்பு உள்ளேயே தங்கிவிடும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் புழுதியும் வியர்வையும் சேர்ந்து தோலை இறுக்கி வெடிக்கச் செய்யும். மாரியில் அதே தோல் மேசை இலாச்சிக்குள் கிடந்தாலே பூஞ்சணம் பிடிக்கும். துணிகளிலும் எல்லாம் ஒன்றல்ல. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 வீதம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். நைலோன் சுமார் 4 வீதம். பொலியெஸ்டர் அரை வீதம்கூட இல்லை. இந்த எண்களிலிருந்தே பாதி விடை வந்துவிடுகிறது. பருத்தியாலான கான்வஸ் வார் கைக்கு மிக இதமானது, ஆனால் மாரியில் தோலைப் போலவே நாறும். நைலோன் வயலில் நனைந்தாலும் மோட்டார் சைக்கிளில் வீடு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். பொலியெஸ்டர் அதைவிட விரைவாகக் காயும், வெயிலையும் நைலோனைவிட நன்றாகத் தாங்கும், ஆனால் கையில் சற்று விறைப்பாக இருக்கும். நாள் முழுவதும் வெயிலில் நிற்பவருக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வேன்.

துணி வார் மலிவான ஏற்பாடு என்ற எண்ணத்துக்கு அதன் வரலாறு இடம் தராது. இன்று எல்லோரும் நேட்டோ வார் என்று சொல்லும் ஒரே துண்டு நைலோன் வாருக்கு மூலம், பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு 1973 நவம்பரில் வெளியிட்ட 66-15 என்ற நியமம். சாம்பல் நிறம், 20 மில்லிமீற்றர் அகலம், 1.2 மில்லிமீற்றர் தடிப்பு, துளைகளின் விளிம்பு பிரியாதபடி வெப்பத்தால் அடைத்தல் என்று எல்லாவற்றையும் அது வகுத்துவைத்தது. படைவீரர்கள் ஜி1098 என்ற படிவத்தை நிரப்பி அதைப் பெற்றதால் ஜி10 வார் என்றும் பெயர் வந்தது. இந்த வாரை வடிவமைத்தவர்களின் எண்ணம் அழகு அல்ல. மணிக்கூடு கையை விட்டு விழக்கூடாது என்பதே. இரண்டு பின்களுக்கும் அடியால் ஒரே துண்டாக வார் ஓடுவதால், ஒரு பின் தெறித்துப் போனாலும் மற்றப் பின்னில் மணிக்கூடு தொங்கிக்கொண்டு நிற்கும். பிரித்தானியக் கடற்படைக்கென 1970களில் செய்யப்பட்ட ரோலெக்ஸ் சப்மரீனர்களில் பின்களைக் கழற்ற முடியாதபடி காதுகளிலேயே நிலையாகப் பொருத்தியிருந்தார்கள். அவற்றில் இப்படி நுழைத்தெடுக்கும் வாரைத்தான் கட்ட முடியும். நிலவில் நடந்தவர்கள் விண்வெளி உடைக்கு மேலே கட்டியிருந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர்களிலும் இருந்தது ஒட்டிப் பிடிக்கும் நீண்ட நைலோன் வார்தான். ஆகவே ஒமேகாவுக்குத் துணியா என்று கேட்ட கடைக்காரருக்கு அந்த நிறுவனத்தின் வரலாற்றிலேயே பதில் உண்டு.

விழாமல் காப்பதில் நேட்டோ முறைக்கு நிகரில்லை என்றாலும், அதற்கு நாம் கொடுக்கும் விலையும் உண்டு. மூல வடிவத்தில் பின்மூடிக்குக் கீழே இரண்டு படை துணி ஓடுகிறது, ஒவ்வொன்றும் 1.2 மில்லிமீற்றர் என்றால் மணிக்கூடு கைமேல் கிட்டத்தட்ட 2.4 மில்லிமீற்றர் உயர்ந்து நிற்கும். அக்வா டெரா போன்ற மணிக்கூடுகள் ஏற்கெனவே 13 மில்லிமீற்றர் அளவு தடிப்பு. இரண்டு படையும் சேர்ந்தால் சட்டைக் கையின் விளிம்பு அதன்மேல் ஏறாது, கதவு நிலையிலும் மோட்டார் சைக்கிள் கைபிடியிலும் கண்ணாடி அடிக்கடி முட்டும். உள்ளே ஓடும் இயந்திரத்தைக் காட்டும் கண்ணாடிப் பின்மூடியும் துணியால் மறைந்துபோகும். அதற்காக வருந்துபவர்களைக் கண்டிருக்கிறேன். கையில் கட்டியிருக்கும்போது எப்படியும் அது தெரியப்போவதில்லை என்பதால் நான் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. உயரம்தான் உண்மையான குறை. இரண்டாவது படையும் அதன் நுனியிலுள்ள உலோக வளையமும் இல்லாத, ஒற்றைப் படையாக மட்டும் ஓடும் வார்கள் இப்போது கிடைக்கின்றன. அவற்றில் உயரம் பாதியாகக் குறையும், மணிக்கூட்டின் பக்கத்தில் உரசும் வளையமும் இருக்காது, ஒரு பின் போனாலும் விழாது என்ற நன்மையும் அப்படியே இருக்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: கையிலிருந்து கழற்றி வாரைத் தலைகீழாகப் பிடித்தால் மணிக்கூடு வாரின் வழியே சறுக்கி வெளியே வரலாம். கிணற்றடியில் நின்று கழற்றும் பழக்கம் இருந்தால் அதைக் கைவிடுங்கள்.

இனி நண்பர் சொன்ன கீறல். இதில் பாதி உண்மை இருக்கிறது. நைலோன் இழை உருக்கைவிட மிக மென்மையானது. சுத்தமான நைலோன் உருக்கைக் கீறாது, பின்மூடியின் நீலக்கல் (சபையர்) கண்ணாடியை ஒன்றுமே செய்யாது. கீறுவது அந்த இழைகளுக்குள் சிக்கியிருக்கும் மணல். மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 7. மணிக்கூட்டு உருக்கு அதைவிடக் குறைவு. 18 கரட் தங்கம் அதிலும் மிகக் குறைவு. வயல் வேலை செய்பவர்களின் மணிக்கூடு என் மேசைக்கு வரும்போது, வாரைக் கழற்றியதும் நான் முதலில் பார்ப்பது காதுகளின் உட்பக்கம். வெறுங்கண்ணுக்கு அங்கே செம்மண் கோடு ஒன்று மட்டும் தெரியும். அதைத் தூரிகையால் துடைத்துவிட்டு, கண்ணில் இடுக்கிக்கொள்ளும் வில்லையால் பார்த்தால், வாரின் விளிம்பு உரசிய இடத்தில் உருக்கு கண்ணாடி போல மினுங்கிக்கொண்டிருக்கும். தொழிற்சாலையில் இட்ட மெல்லிய கோடுகளெல்லாம் அந்த ஒரு பட்டையில் அழிந்துபோயிருக்கும். பின்மூடியின் விளிம்பிலும் அதே போன்ற பிறை வடிவம் ஒன்று தோன்றும். இது ஒரு நாளில் வருவதல்ல. வாரைக் கழுவாமலே மாதக்கணக்கில் கட்டுவதால் வருவது. ஆழமான சேதமும் அல்ல, நல்ல திருத்துனர் மீண்டும் கோடிட்டுத் தரலாம். ஆனால் ஒவ்வொரு மெருகிடலும் உருக்கில் ஒரு படையை எடுத்துவிடுகிறது. வராமல் தடுப்பதற்கு வாரம் ஒருமுறை வாரைக் கழுவினாலே போதும் என்றிருக்க, மெருகிடும் நிலைக்கு மணிக்கூட்டைக் கொண்டுபோவது வீண்.

உரசலைவிட நான் அதிகம் அஞ்சுவது ஈரத்தை. துருப்பிடிக்காத உருக்கு என்கிறோம். அதைக் காப்பது மேற்பரப்பில் தானாக உருவாகும் மிக மெல்லிய குரோமியம் ஒட்சைட்டுப் படலம். அந்தப் படலம் சிதையும்போது திரும்ப உருவாக ஒட்சிசன் வேண்டும். உப்பு வியர்வையில் நனைந்த துணி பின்மூடியோடு ஒட்டிக் கிடந்தால், அந்த இடுக்கில் ஒட்சிசன் குறைந்து குளோரைட்டு கூடிவிடும், படலம் அங்கங்கே உடைந்து ஊசிமுனை போன்ற குழிகள் விழும். பெரும்பாலான நல்ல மணிக்கூடுகள் 316எல் என்ற உருக்கில் செய்யப்படுகின்றன. அது நல்ல எதிர்ப்பு உடையதுதான். ஆனால் முல்லைத்தீவுக் கரையில் கடற்காற்றும் உப்பும் சேரும் இடத்தில் வேலை செய்பவர்களின் பழைய மணிக்கூடுகளில், பின்மூடி உடலோடு சேரும் கோட்டில் இந்தக் குழிகளை நான் காண்பதுண்டு. குழி ஆழமாகி, உள்ளேயிருக்கும் இறப்பர் வளையம் உட்காரும் தளத்தைத் தொட்டுவிட்டால் நீர் புகும் வழி திறந்துவிடும். துணி வாரைக் கட்டியபடி குளித்துவிட்டு, ஈரத்தோடே படுத்துறங்குவது ஒன்றுதான் இதில் பெரிய தவறு. இரவில் மணிக்கூட்டைக் கழற்றி, வாரின் அடிப்பக்கம் காற்றுப் படும்படி வைத்தால் இந்தக் கவலையில் பெரும்பகுதி போய்விடும்.

இப்போது பின்னுக்கு வருகிறேன், ஏனென்றால் கைதவறித் தொலைந்த மணிக்கூடுகளில் பெரும்பாலானவை வார் அறுந்து தொலைந்தவை அல்ல; பின் கழன்று தொலைந்தவை. ஒரு ஸ்பிரிங் பின் என்பது இருபுறமும் நுனிகள் உள்ளமுங்கும் மெல்லிய குழாய், அவ்வளவுதான். அதன் விட்டம் மணிக்கூட்டுக்கு மணிக்கூடு மாறும்: விழாக்களுக்குக் கட்டும் மெல்லிய மணிக்கூடுகளில் 1.5 மில்லிமீற்றர், பொதுவான விளையாட்டு மணிக்கூடுகளில் 1.8 மில்லிமீற்றர், சீக்கோவின் நீர்மூழ்கி மணிக்கூடுகளில் 2.5 மில்லிமீற்றர் வரை. மலிவான வாருடன் இலவசமாக வரும் பின்களை நான் மேசையிலேயே ஒதுக்கிவிடுவேன். புதிய பின்னைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து இரு நுனிகளையும் அமுக்கிப் பாருங்கள். எதிர்ப்போடு உள்ளே போய், விட்டவுடன் சட்டென்று முழு நீளத்துக்கும் வெளியே வர வேண்டும். தயங்கினாலோ, ஒரு நுனி மட்டும் பாதியில் நின்றாலோ, குழாயைப் பக்கவாட்டில் அழுத்தும்போது வளைந்தாலோ அது ஒமேகாவுக்கு உகந்ததல்ல. மணிக்கூட்டோடு வந்த மூலப் பின்கள் நேராகவும் துருவின்றியும் இருந்தால் அவற்றையே பயன்படுத்துவது மேல். நாள்தோறும் வியர்க்கும் கையில் கட்டுபவர் ஆண்டுக்கொருமுறை பின்களை மாற்றிவிடலாம். மணிக்கூட்டின் விலையோடு பார்த்தால் அது ஒரு செலவே அல்ல.

விரலால் இழுத்துக் கழற்றக்கூடிய சிறு நெம்பு வைத்த பின்களும் இப்போது வருகின்றன. கருவி இல்லாமல் வாரை மாற்றலாம் என்பதால் காதுகளில் கருவி வழுக்கிக் கீறும் ஆபத்து இல்லை. வாரை அடிக்கடி கழற்றிக் கழுவப்போகும் ஒருவருக்கு இது பெரிய வசதி. ஆனால் நெம்புக்காகக் குழாயில் வெட்டிய நீள்துளைக்குள் மண் புகுந்து இறுகிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் போய்வருபவருக்கு அதை விரும்பிச் சொல்வேன். சேற்றில் இறங்குபவருக்குச் சொல்ல மாட்டேன். எந்தப் பின்னாக இருந்தாலும், பூட்டிய பிறகு வாரை நான்கு திசையிலும் நன்றாக இழுத்துப் பார்த்து, இரு நுனியும் துளைக்குள் இறங்கிய மெல்லிய சத்தத்தைக் கேட்ட பின்பே கையில் கட்ட வேண்டும்.

அளவு எடுப்பதைக் கண்மட்டத்துக்கு விடவேண்டாம். இரு காதுகளுக்கும் இடையிலான தூரத்தை வேணியர் இடுக்கியால் அளப்பதே சரி. 41 மில்லிமீற்றர் விட்டமுள்ள அக்வா டெராவில் அது 20 மில்லிமீற்றர். 38 மில்லிமீற்றர் அக்வா டெராவில் 19. ரோலெக்ஸ் சப்மரீனரில் நெடுங்காலம் 20 ஆக இருந்தது, 2020இல் வந்த புதிய உடலில் 21 ஆயிற்று. ஒரே பெயருக்குள்ளேயே ஒரு மில்லிமீற்றர் மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். அளவு குறைந்த வார் பின்னில் அங்குமிங்கும் சறுக்கிக் காதைத் தேய்க்கும். அளவு கூடிய வாரை மடித்து உள்ளே திணித்தால் அதன் விளிம்பு இரு பக்கமும் உரசிக்கொண்டே இருக்கும். நீளமும் பார்க்க வேண்டிய ஒன்று. 280 மில்லிமீற்றர் நீள நேட்டோ வார் பிரித்தானியப் படைவீரரின் சீருடைக் கைக்குமேல் கட்டவும் போதுமானது. நமது மெல்லிய கைகளுக்கு அதன் வால் இரண்டு தரம் மடிந்து பருத்து நிற்கும். 250 மில்லிமீற்றர் அளவில் குறுகிய வார்களும் விற்கிறார்கள், கேட்டு வாங்குங்கள். வார் பூட்டும் இடம் தனி வடிவில் வார்க்கப்பட்ட டிசோ பிஆர்எக்ஸ் போன்ற மணிக்கூடுகளில் சாதாரணத் துணி வார் ஏறவே ஏறாது; அவற்றுக்கென்று செய்ததைத்தான் தேட வேண்டும்.

பின்னுக்கும் மணிக்கூட்டின் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அது அகலத்தைவிட முக்கியம். இடைவெளி குறைவாக இருக்கும் மணிக்கூட்டில் தடித்த வாரைப் பலவந்தமாக நுழைத்தால் பின் வெளிப்பக்கமாக வளையும், நுனிகள் துளையில் சாய்ந்து உட்காரும், நாளடைவில் துளையே நீள்வட்டமாகிவிடும். பின்னை மாற்றலாம், துளையைத் திரும்ப வட்டமாக்குவது பெரிய வேலை. வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். சாதாரண எழுதுதாள் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர். ஒடுக்கமான ஒரு தாள் கீற்றை நான்கு தரம் மடித்தால் பதினாறு படை, அதாவது 1.6 மில்லிமீற்றர் அளவு. பின் பூட்டிய நிலையில் அந்த மடிப்பு இடைவெளிக்குள் தாராளமாகப் போய்வந்தால் 1.2 மில்லிமீற்றர் நைலோன் எந்தத் தடையுமின்றி ஓடும். மூன்று தரம் மடித்த எட்டுப் படையே இறுகினால், அந்த மணிக்கூட்டுக்கு நுழைத்தெடுக்கும் தடித்த வார் வேண்டாம். மெல்லிய பின்னல் வாரோ இரு துண்டு வாரோ பாருங்கள்.

அந்த வகைகளையும் சொல்லிவிடுகிறேன். இரு துண்டுத் துணி வார் தோல் வாரைப் போலவே மேலும் கீழும் தனித்தனியாகப் பின்னில் மாட்டப்படும். மணிக்கூட்டை உயர்த்தாது, பின்மூடியில் உரசாது; ஆனால் ஒரு பின் போனால் மணிக்கூடும் போயிற்று. மிகச் சீராக நெய்த துணி வாரை விரும்புபவர்கள் டியூடர் மணிக்கூடுகளோடு வருவதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். 2010 முதல் அந்த நிறுவனம் பிரான்சின் ஜூலியன் ஃபோர் என்ற பழைய நெசவாலையில், கோலங்களை நெய்யும் ஜக்கார்ட் தறியில் நெய்து எடுக்கிறது. ஓரத்தில் வெட்டுத் தடமே இல்லாமல் அந்த அகலத்துக்கே நெய்யப்பட்டிருப்பதைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். பெர்லோன் என்ற பின்னல் வார் இன்னொரு வகை. மிக மெல்லிய நைலோன் இழைகளைப் பின்னியது, துளைகளே இல்லை, பக்கிளின் முள் பின்னலின் எந்த இடத்திலும் குத்தி நிற்கும். கோடையில் கை வீங்கும் பகலுக்கும் சுருங்கும் இரவுக்கும் ஏற்ப ஒரு நூலளவு தளர்த்தவும் இறுக்கவும் முடிவது இதன் சிறப்பு. காற்றோட்டமும் இதில்தான் அதிகம். வேலிக் கம்பியிலும் முள்ளிலும் மாட்டினால் இழை எழும்பிவிடும் என்பதே குறை. பிரெஞ்சுக் கடற்படைச் சுழியோடிகள் பரசூட்டின் இழுபடும் பட்டியிலிருந்து செய்துகொண்ட வாரைப் பின்பற்றி, கொளுவி வைத்த இழுவை வார்களும் விற்பனைக்கு வருகின்றன. கட்டுவதற்கு மிக வசதி. ஆனால் இழுபடும் இழை வியர்வையிலும் வெயிலிலும் தளர்வது உறுதி. எவ்வளவு காலத்தில் தளரும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால், பாரமான மணிக்கூட்டுக்கு அதை நான் சொல்வதில்லை.

விலை கூடிய துணி வார் உண்மையிலேயே மேலானதா என்றால், ஓரளவு வரை ஆம் என்பேன், அதற்கு மேல் இல்லை. மிக மலிவான வாரில் மூன்று இடங்கள் பிசகும். பக்கிளும் வளையங்களும் பித்தளைக்கு மேல் மெல்லிய முலாம் பூசியவையாக இருக்கும். வியர்வையில் முலாம் உரிந்து பச்சை படியும், நிக்கல் ஒவ்வாத தோலில் அரிப்பும் வரும். துளைகள் வெப்பத்தால் அடைக்கப்படாமல் வெறுமனே குத்தப்பட்டிருந்தால் சில மாதத்தில் நூல் பிரிந்து துளை கிழியும். வெப்பத்தால் வெட்டிய ஓரம் மழிக்கப்படாமல் உருகிய மணிகளாக இறுகியிருந்தால் கையை அராவும், காதையும் தேய்க்கும். விரல் நகத்தால் ஓரத்தை நீளமாகத் தடவினாலே தெரிந்துவிடும். கருமையோ கடும் சிவப்போ என்றால் ஈரமான வெள்ளைத் துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். சாயம் இறங்கினால் உங்கள் வெள்ளைச் சட்டையிலும் இறங்கும். இந்த மூன்றும் சரியாக இருக்கும் நடுத்தர விலை வாருக்கும் பத்து மடங்கு விலையுள்ள வாருக்கும் உழைப்பில் பத்து மடங்கு வேறுபாட்டை நான் கண்டதில்லை. விலையின் மிகுதி நெசவின் நேர்த்திக்கும் பெயருக்கும் போகிறது. நெசவின் நேர்த்திக்குக் கொடுப்பதில் தவறில்லை, அதை விரும்பிக் கொடுப்பவர்களை மதிக்கிறேன். பாதுகாப்புக்காகக் கொடுக்கிறோம் என்று மட்டும் எண்ணவேண்டாம். ‘சீட் பெல்ட் நெசவு’, ‘பலிஸ்டிக் நைலோன்’ என்று எழுதியிருப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வார் விற்பனையில் அவை வணிகப் பெயர்கள், 66-15 போன்ற நியமங்கள் அல்ல.

கழுவுவதில் நமது ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. வன்னியின் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. அதில் சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளைப் படிவாக இறங்கும், காய்ந்ததும் இழைகளுக்கிடையே சுண்ணாம்புத் துகள் தங்கும். வாரைக் கழற்றி, மென்மையான ஷாம்பு கலந்த நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, பழைய பல்தூரிகையால் இரு பக்கமும் தேய்த்து, கடைசி அலசலை மட்டும் மழைநீரிலோ வடிகட்டிய குடிநீரிலோ செய்யுங்கள். வெளிற்றும் தூளோ கொதிநீரோ வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள், வெயிலின் புற ஊதாக் கதிர் நைலோனை மெல்ல மெல்ல நொறுங்கவைக்கும். மணிக்கூட்டோடு சேர்த்து வாரைக் கழுவுவது வேறு விடயம். அக்வா டெரா 150 மீற்றர் வரை நீர் தாங்கும் என்று குறிக்கப்பட்டிருந்தாலும், இறப்பர் வளையங்கள் வயதாகும். கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்று தெரியாத மணிக்கூட்டை ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்களுக்கென்று நான் தெரிவது இதுதான். வேலைநாளுக்கு, அளந்து பார்த்த அகலமும் (41 மில்லிமீற்றர் அக்வா டெரா என்றால் 20 மில்லிமீற்றர்) 1.2 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள ஒற்றைப் படை நைலோன் வார் இரண்டு. உருக்காலான பக்கிள், அடக்கமான சாம்பலோ கடுநீலமோ. ஒன்றைக் கட்டும்போது மற்றதைக் கழுவிக் காயவிடலாம். கலியாணவீட்டுக்கும் கோயிலுக்கும் இரு துண்டுத் துணி வார் ஒன்று. தோல் கட்டிக்கொண்டு கோயிலுக்குள் போக விரும்பாதவர்கள் நம்மிடையே பலர் இருப்பதால், அதன் உட்பக்கமும் தோலாக இல்லாமல் செயற்கை இழையாகவே இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். வாரின் பக்கிள் பக்க அகலம் பொருந்தினால், பழைய தோல் வாரில் இருந்த ஒமேகாப் பக்கிளைக் கழற்றி இதில் போடலாம். மணிக்கூட்டின் மதிப்பும் தோற்றமும் அதில் காப்பாற்றப்படும். பொருந்தாவிட்டால் அந்தப் பக்கிளைத் தோல் வார் நாறுகிறது என்று அதோடு சேர்த்து எறிந்துவிடாமல் தனியே எடுத்து வையுங்கள். மூலப் பக்கிளைத் தனியாக வாங்கப் போனால்தான் அதன் விலை தெரியும்.

இவ்வளவும் நல்ல நிலையிலுள்ள உருக்கு மணிக்கூட்டுக்குச் சொன்னவை. தங்க உடல் என்றால் உலோக வளையமுள்ள எந்த வாரையும் நான் பூட்ட மாட்டேன். பெரியப்பா முன்பே பல ஆண்டுகள் கட்டிய மணிக்கூடு என்றால், காதுத் துளைகளின் நிலையைப் படத்தைப் பார்த்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. பின்னைப் பூட்டி அசைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே வார் வாங்குவதற்கு முன், உங்களுக்குக் கிட்டிய ஒரு நல்ல திருத்துனரிடம் கொடுத்து, வாரைக் கழற்றி நான்கு துளைகளையும் வில்லையால் பார்க்கச் சொல்லுங்கள். ஏதேனும் ஒன்று நீண்டிருந்தால் நுனி தடித்த பின் போட்டு, ஒற்றைப் படை நைலோன் வாரை மட்டும் கட்டுங்கள். இரு துண்டு வாரை அந்த மணிக்கூட்டில் போட வேண்டாம்.